புளியங்கொட்டை, தாயக்கட்டை, ஒரு மேசை விளக்கு: ஆற்றல் மாற்றத்தை விளையாடிப் பார்ப்பது எப்படி

கரண்டு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் சேலத்துப் பிள்ளைகள் யோசிக்காமல் மேட்டூர் என்பார்கள். சரிதான். மேட்டூரில் எதிலிருந்து என்று அடுத்த கேள்வி கேட்டால் முக்கால்வாசிப் பேர் அணைத் தண்ணீர் என்கிறார்கள், பெரியவர்களும்தான். அணையடி மின்நிலையமும் சுரங்க மின்நிலையமும் சேர்ந்து 250 மெகாவாட். அதே ஊரில் நிலக்கரி எரிக்கும் அனல் மின்நிலையம் 1,440 மெகாவாட்: 210 மெகாவாட்டில் நான்கு யூனிட் (தனியாக ஓடும் உலையும் ஜெனரேட்டரும் சேர்ந்தது ஒரு யூனிட், பில்லில் வரும் யூனிட் வேறு), பிறகு சேர்ந்த 600 மெகாவாட் யூனிட் ஒன்று. ஒரு 210 மெகாவாட் யூனிட் முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் கிட்டத்தட்ட 150 டன் நிலக்கரி எரிந்து போகிறது.

இந்த நிலக்கரியிலிருந்து வெயிலுக்கும் காற்றுக்கும் மாறுவதைத்தான் ஆற்றல் மாற்றம் என்கிறோம். 2070-க்குள் நிகர உமிழ்வைப் பூஜ்யமாக்குவோம், அதாவது காற்றில் விடும் கரிவாயு அளவுக்கு உறிஞ்சியும் எடுத்துவிடுவோம் என்று 2021-ல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் இந்தியா அறிவித்தது. அறிவிப்பைப் படித்துவிடலாம், அது நம் தறிப்பட்டறையிலும் கிணற்றடியிலும் சமையலறையிலும் எப்படி இருக்கும் என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை. விளையாடினால் தெரிகிறது. சில வருஷமாகப் பள்ளிகளிலும் நூலகக் கூடங்களிலும் தறிக்காரர்கள் கூடும் இடங்களிலும் இதற்கென ஒரு மேசை விளையாட்டை நடத்திக்கொண்டிருக்கிறேன், புதிதாக நடத்த நினைப்பவர்கள் கேட்பதையெல்லாம் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இந்த மாதிரி விளையாட்டுக்கு ‘சீரியஸ் கேம்’ என்று பெயர். 1970-ல் கிளார்க் ஆப்ட் என்ற அமெரிக்கர் இந்தப் பெயரைப் பரப்பினார். பொழுதைப் போக்கவும் செய்யும், ஆனால் ஏதாவது ஒன்றைப் புரியவைப்பதற்காகவே செய்யப்பட்டது என்று பொருள். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்துப் பரமபதம் ஆடியவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை, எந்தக் குணம் ஏணி, எந்தக் குணம் பாம்பு என்று கட்டத்திலேயே எழுதியிருக்கும், ஆடி முடிப்பதற்குள் மனப்பாடம் ஆகிவிடும்.

இப்படி ஆட்டத்துக்குள்ளேயே மூழ்கி விளையாடுவது என்றதும் எல்லோரும் கண்ணில் மாட்டும் வி.ஆர். கருவியைத்தான் நினைக்கிறார்கள். நானும் அதில்தான் தொடங்கினேன். நான்கு கருவிகளை இரவல் வாங்கி, இருபது மாணவர்களை ஏற்காட்டுக்குக் கூட்டிப்போய், காற்றாலை உச்சியில் நிற்பது போன்ற காட்சியைப் போட்டேன். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த வயிறு, மாட்டிய இரண்டே நிமிடத்தில் இரண்டு பேருக்குக் குமட்டல், ஒருவன் திண்ணையில் படுத்துவிட்டான். மற்றவர்கள் சூப்பராக இருந்தது என்றார்கள். அதற்கு மேல் ஆற்றலைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை, ஒருவர் பார்க்கும்போது மற்றவர்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்குப் பட்டதைத்தான் இன்றும் புதியவர்களிடம் முதலில் சொல்கிறேன்: மேசையிலிருந்து தொடங்குங்கள், கருவி அப்புறம் வரட்டும். ஒரு மனிதன் இன்னொருவருடைய கஷ்டத்தைத் தன் கஷ்டமாக எடுத்துப் பேச ஆரம்பித்தால் அதைவிட ஆழமாக எந்தக் கண்ணாடியும் இறக்கிவிடாது.

முதல் படி: ஒரே ஒரு கேள்வி

“காலநிலை மாற்றத்தை எப்படித் தடுப்பது” என்று தொடங்கினால் இரண்டு மணி நேரம் பேசிவிட்டு மரம் நடுவோம் என்று முடியும். சின்னதாக, உங்கள் ஊரில் நிற்கும் கேள்வியாக எடுங்கள். நான் எடுப்பது இது: சாயங்காலம் ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை சேலத்துக்கு யார் கரண்டு கொடுப்பது?

ஏன் இந்த நேரம் என்றால், சூரிய மின்சாரம் முழுக்கக் கை கொடுப்பது நடுப்பகலில், நாம் எல்லா விளக்கையும் மின்விசிறியையும் மிக்சியையும் போடுவது சூரியன் இறங்கிய பிறகு. உயரழுத்த இணைப்பு வைத்திருக்கும் ஆலைகளுக்கு இந்த நான்கு மணி நேரத்தில் 25 சதவீதம் கூடுதல் கட்டணம் போடுவதும் இந்த நெருக்கடியால்தான். ஆற்றல் மாற்றத்தின் முடிச்சு இங்கேதான் விழுந்திருக்கிறது, இதை அவிழ்க்கப் பார்த்தாலே மற்றதெல்லாம் தானாக மேசைக்கு வந்துவிடும்.

இரண்டாம் படி: ஆட்களும் அட்டைகளும்

ஆறு பேருக்குக் குறையாமல், பத்துப் பேருக்கு மிகாமல் ஒரு மேசை. நாற்பது பேர் வந்தால் நான்கு மேசை போடுங்கள், ஒரே மேசையைச் சுற்றி நிற்க வைக்காதீர்கள், நிற்பவர்கள் வேடிக்கைதான் பார்ப்பார்கள்.

ஒவ்வொருவருக்கும் ஒரு ஆள் அட்டை. இளம்பிள்ளைப் பக்கத்து விசைத்தறிக்காரர், வாழப்பாடியில் கிணறும் பம்ப்செட்டும் வைத்திருக்கும் விவசாயி, அனல் நிலையத்தில் ஒப்பந்தத் தொழிலாளி, ஏற்காட்டில் ஒரு மலைக் கிராமத்துக்காரர், அம்மாபேட்டையில் குடும்பம் நடத்தும் பெண், கட்டுப்பாட்டு அறையில் உட்காரும் மின்வாரியப் பொறியாளர். ஆட்கள் கூட இருந்தால் ஆத்தூரில் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக்காரரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், குச்சிக்கிழங்கு அரைத்த கழிவுநீரிலிருந்து பயோகேஸ் எடுத்துத் தானே கரண்டு செய்துகொள்ள முடியும் என்பதால் அவர் மேசைக்குச் சுவாரசியம் கூட்டுவார். கடைசியாக ஒரு அட்டையை மறக்காதீர்கள்: 2050-ல் இருபது வயது ஆகியிருக்கப்போகும் பேத்தி. அவளுக்கு ஓட்டு கிடையாது, ஒரு நாளுக்கு ஒரே ஒரு முறை பேசலாம்.

அட்டையில் மூன்று வரி போதும். அவருக்கு எந்த நேரத்தில் கரண்டு கட்டாயம் வேண்டும், அவருக்கு இப்போது என்ன சலுகை இருக்கிறது, ராத்திரி தூக்கம் வராமல் அவர் எதை நினைக்கிறார். உதாரணத்துக்குத் தறிக்காரர் அட்டை: ‘காலை ஏழிலிருந்து இரவு எட்டு வரை தறி ஓட வேண்டும். இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம். பாதியில் கரண்டு போனால் தறி நின்ற இடத்தில் சேலையில் கோடு விழும், அந்தச் சேலையை முழு விலைக்கு யாரும் எடுக்க மாட்டார்கள்.’ குடும்பப் பெண் அட்டையில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதோடு, கூரையில் 3 கிலோவாட் சோலார் வைத்தால் மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் என்பதையும், ஒரு கிலோவாட் தகடு நம் வெயிலுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும் என்பதையும் எழுதுங்கள். அவளுடைய கவலை? வாடகை வீடு, கூரை அவளுடையது இல்லை. அனல் நிலையத் தொழிலாளிக்கு வயது 45, யூனிட்டை மூடினால் இந்த வயதில் யார் வேலை கொடுப்பார்கள். மலைக் கிராமத்துக்காரருக்குக் காப்பி பறிக்கும் பருவத்தில் பழத்தோலை உரிக்கும் பல்ப்பர் எந்திரம் ஓட்டக் கரண்டு, களத்தில் காயப்போட வெயில், இரண்டும் ஒரே வாரத்தில் வேண்டும்.

அட்டையைக் கொடுக்கும்போது ஒன்றைக் கண்டிப்பாகச் செய்யுங்கள்: யாருக்கும் அவருடைய சொந்த வேலையைக் கொடுக்காதீர்கள். கொண்டலாம்பட்டிப் பக்கத்துத் தறிக்காரர் ஒருவருக்கு நான் விவசாயி அட்டையைக் கொடுத்தேன். முதலில் தயங்கினார், எனக்கென்ன தெரியும் தம்பி என்றார். மூன்றாவது சுற்றில் பகலில் வெயில் கரண்டு மிஞ்சி, யாருக்குத் தருவது என்று மேசை திணறியபோது அவர்தான் எழுந்தார்: “எனக்கு ராத்திரியில த்ரீ பேஸ் குடுத்து என்ன பிரயோஜனம்? பாம்பு, தேளுக்குப் பயந்துக்கிட்டு டார்ச் எடுத்துப்போய் மோட்டார் போடறேன். அதைப் பகல்ல குடுங்க, மிச்சம்கிறதே இருக்காது.” 2019-ல் மத்திய அரசு தொடங்கிய குசும் திட்டத்தின் பின்னால் இருக்கும் யோசனைகளில் ஒன்று இது, பம்ப்செட்டைப் பகல் வெயிலோடு சேர்த்துக் கட்டுவது. அவர் அந்தத் திட்டத்தின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை. விவசாயியாக முக்கால் மணி நேரம் உட்கார்ந்ததில் தானாக அங்கே போய்ச் சேர்ந்தார்.

மூன்றாம் படி: மேசையைத் தயார் செய்வது

கடையில் வாங்க எதுவும் இல்லை. ஒரு சார்ட் தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: காலை, பகல், அந்தி, இரவு. கரண்டுக்குப் பதில் கொட்டைகள். நிலக்கரிக்குப் புளியங்கொட்டை, தண்ணீருக்குச் சோழி, வெயிலுக்கு வெள்ளை மொச்சை, காற்றுக்குக் காப்பிக்கொட்டை, சேகோ ஆலை இருந்தால் அதன் பயோகேஸுக்கு ஒரு குன்றிமணி, அதை நாளுக்கு ஒரு கட்டத்தில் மட்டும் வைக்கலாம். ஒரு தாயக்கட்டை. ஒரு கிண்ணம் அடுப்புக்கரித் துண்டு. காசுக்குப் பதில் சட்டைப் பொத்தான். ஆளுக்கு ஒரு சின்ன மேசை விளக்கு அல்லது அகல், இது முக்கியம், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் எவ்வளவு கரண்டு தேவை என்று எழுதிவிடுங்கள். என் மேசையில் காலைக்கு 8, பகலுக்கு 9, அந்திக்கு 10, இரவுக்கு 7 கொட்டை. இது விளையாட்டுக்காக நான் வைத்த கணக்கு, மின்வாரியக் கணக்கு இல்லை, அதை ஆடுபவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.

நிலக்கரி யூனிட் நான்கு. ஒவ்வொன்றும் ஒரு கட்டத்துக்கு 2 புளியங்கொட்டை தரும், வேண்டுமானால் 1 ஆகக் குறைக்கலாம், அதற்குக் கீழே போக வேண்டுமென்றால் அணைத்துவிட வேண்டும், அணைத்தால் மறுநாள் வரை எழுப்ப முடியாது. இந்த விதி கற்பனையில் வந்தது கிடையாது. கொதிகலன் குளிர்ந்துபோனால் மறுபடி சூடேற்றி ஓட்டப் பல மணி நேரம் ஆகும், முழுத் திறனில் 55 சதவீதத்துக்குக் கீழே இறக்கி ஓட்டுவதும் சிரமம். நினைத்த நேரத்தில் போட்டு அணைக்க நிலக்கரி உலை டியூப்லைட் இல்லை என்பது புதியவர்களுக்கு இங்கேதான் உறைக்கிறது.

தண்ணீர் இருந்தால் கட்டத்துக்கு 1 சோழி. இருக்கிறதா இல்லையா என்பதை மேசை முடிவு செய்ய முடியாது. மேட்டூர் அணை பாசனத்துக்காகக் கட்டியது, டெல்டாவுக்குத் தண்ணீர் திறக்கும்போதுதான் கரண்டும் வரும். வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். ஆக சித்திரை மாதம் வந்தால் சோழியைக் கையில் எடுக்கக் கூடாது.

சூரியத் தகடு அட்டை ஒன்றுக்குக் காலையில் 1, பகலில் 2 மொச்சை, அந்தியிலும் இரவிலும் ஒன்றுமில்லை. காற்றுக்கு ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தாயக்கட்டையை உருட்டுங்கள், விழுந்தது எத்தனையோ அத்தனை காப்பிக்கொட்டை. வெறும் பக்கம் விழுந்தால் காற்று இல்லை.

அப்புறம் பருவ அட்டைகள், நாளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். ஆடிக் காற்று வந்தால் தாயக்கட்டையில் விழுந்தது இரட்டிப்பு, அம்மியும் பறக்கும் மாதத்தில் தமிழ்நாட்டின் பத்தாயிரம் மெகாவாட்டுக்கு மேற்பட்ட காற்றாலைகள் சும்மா நிற்காது. ஐப்பசி அடைமழை வந்தால் மொச்சை பாதி, சோழி உண்டு. தை மாதம் சாதாரணம். சித்திரை வந்தால் சோழி கிடையாது, காற்று பாதி, ஏசியும் மின்விசிறியும் ஓடுவதால் பகலுக்கும் இரவுக்கும் தேவை 1 கூடுதல். மாநிலத்தின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது 2024 மே 2-ஆம் தேதி, சித்திரை வெயிலில்தான். அந்த அட்டை வெளியே வரும்போது மேசையில் ஒரு அமைதி விழும், பாருங்கள்.

விலைப்பட்டியல்: நாளுக்கு மேசை முழுமைக்கும் 6 பொத்தான். தகடு 2, கூடுதல் தாயக்கட்டை 3, பேட்டரி 3. பேட்டரி பகலில் மிஞ்சியதில் 2 கொட்டையை அந்திக்கு எடுத்து வைக்கும். இதையே தண்ணீரிலும் செய்யலாம், கோவை மாவட்டத்தில் கடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் மிச்சமிருக்கும் கரண்டில் தண்ணீரை மேலே ஏற்றி வைத்துத் தேவைப்படும்போது இறக்குகிறது, பிள்ளைகள் பேட்டரி என்றால் பெட்டி என்று மட்டும் நினைக்காமலிருக்க அந்தப் படத்தை அட்டையில் ஒட்டுங்கள். ஒருவருடைய தேவையை ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்கு நகர்த்த 1 பொத்தான், ஆனால் அவர் சம்மதிக்க வேண்டும். நிலக்கரி யூனிட்டை நிரந்தரமாக மூட 2 பொத்தான், அது தொழிலாளி கையில் போகும்.

நான்காம் படி: ஆடுவது

மொத்தம் ஐந்து நாள் ஆடுங்கள். ஒரு நாள் என்பது ஐந்து வருஷத்துக்குச் சமம். ஒவ்வொரு நாள் முடிந்ததும் எல்லாக் கட்டத்திலும் தேவை 1 ஏறும், ஏனென்றால் ஏசியும் மின்சார ஸ்கூட்டரும் இண்டக்‌ஷன் அடுப்பும் கூடிக்கொண்டேதான் போகும்.

முதல் நாள் சுலபமாகத் தோன்றும். நான்கு யூனிட்டையும் ஓட்டினால் எட்டு, தண்ணீரில் ஒன்று, அந்திக்குப் பத்து வேண்டும், தாயக்கட்டையில் ஒன்று விழுந்தால் போதும். பெரும்பாலான மேசைகள் உடனே தகடு வாங்க ஓடுகின்றன, விலை குறைவு, பார்க்கவும் நல்லதாக இருக்கிறது. நீங்கள் தடுக்காதீர்கள். மூன்றாம் நாள் வாக்கில் கையில் நான்கு தகடு இருக்கும், பகலில் மொச்சை எட்டு வந்து கொட்டும், நிலக்கரியைக் குறைத்தும் நாலு கொட்டை நிற்கும், சோழியும் காற்றும் வேறு, தேவையோ பதினொன்று. மிச்சத்தை வீணாக்க மனமில்லாமல் இரண்டு யூனிட்டை அணைப்பார்கள். அந்தி வந்ததும் மொச்சை பூஜ்யம், அணைத்த யூனிட் எழாது, கை பிசைவார்கள். உலகம் முழுக்க மின்கட்டமைப்பை நடத்துகிறவர்கள் படும் அதே அவஸ்தையை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அந்த நிமிடத்தில் படுகிறார்கள்.

இப்போதுதான் விளக்கு. ஒரு கொட்டை குறைந்தால் ஒருவருக்குக் கரண்ட் கட், யாருக்கு என்பதை மேசையே முடிவு செய்ய வேண்டும். முடிவானதும் அவர் முன்னால் இருக்கும் விளக்கை நீங்கள் கையால் அணையுங்கள், அறை விளக்கையும் முதலிலேயே அணைத்திருந்தால் நல்லது, தொடங்கும்போதே திரையை இழுத்துவிடுங்கள். விளக்கு போனவர் அந்த நேரத்தில் தன் வீட்டில், பட்டறையில் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். அவசரப்படுத்தாதீர்கள். பெரியவர்கள் இருக்கும் மேசையில் 2012 தானாக வந்துவிடும், பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்டு இல்லாத நாட்கள், தறி நின்ற வாரங்கள், கைக்குழந்தைக்கு விசிறியால் வீசிக்கொண்டே விடிந்த ராத்திரிகள். பிள்ளைகள் வாய் பிளந்து கேட்பார்கள்.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். முதல் முறை யாருக்கு வெட்டுவது என்று வரும்போது பத்துக்கு எட்டு மேசை மலைக் கிராமத்தை வெட்டுகிறது. அங்கே வீடு கொஞ்சம்தானே, ஒரு ராத்திரிதானே என்பார்கள். நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம், விளக்கை மட்டும் அணைத்துவிட்டுக் குறித்து வையுங்கள்.

ஒவ்வொரு புளியங்கொட்டை செலவானதற்கும் ஒரு கரித் துண்டு பேத்தியின் கிண்ணத்தில் விழ வேண்டும். மறக்காமல் போட ஒருவரை வையுங்கள். ஐந்து நாள் முடியும்போது அந்தக் கிண்ணம் வழிந்து அவள் கையெல்லாம் கறுத்திருக்கும்.

நான்கு யூனிட்டையும் மூடிவிட்டு ஒரு விளக்கும் அணையாமல் முடித்த மேசையை நான் பார்த்ததில்லை. ஒன்றிரண்டை மூடியவர்கள் உண்டு, அவர்கள் வாங்கியதைப் பார்த்தால் தகடு மட்டும் குவித்திருக்க மாட்டார்கள்: இரண்டு பேட்டரி, ஒரு கூடுதல் தாயக்கட்டை, தறியையும் மோட்டாரையும் பகலுக்கு நகர்த்தியது, தொழிலாளியோடு உட்கார்ந்து பேசியது. கடைசிதான் எல்லோரும் தள்ளிப்போடுவது.

ஐந்தாம் படி: ஆடிய நேரத்துக்கு ஆடிய நேரம் பேசுவது

இதைக் குறைத்தால் மொத்த உழைப்பும் வீண், அவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். ஒரு மணி நேரம் ஆடினால் ஒரு மணி நேரம் பேசுங்கள். டீ கொடுங்கள், எல்லோரையும் ஆள் அட்டையைக் கழற்றி மேசையில் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் தொழிலாளிக்குக் கரண்டை வெட்டியவனோடு அந்தத் தொழிலாளி இன்னும் கோபமாக இருப்பார், அந்தக் கோபம் ஆளின் மேல் தங்கிவிடக் கூடாது.

முதலில் மனசில் என்ன இருந்தது என்று கேளுங்கள், எந்த நிமிடத்தில் கோபம் வந்தது, எந்த நிமிடத்தில் வெட்கமாக இருந்தது. அது இறங்கிய பிறகுதான் என்ன நடந்தது, ஏன் நடந்தது என்ற கணக்கு. மூன்றாவதாக, இதில் எது நம் ஊரில் நிஜமாக இருக்கிறது. நான்காவது ஒன்று உண்டு, புதியவர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்: இந்த விளையாட்டு எதை மறைக்கிறது? மறைக்கத்தான் செய்கிறது. என் மேசையில் உயரழுத்தக் கம்பி போகும் தோட்டங்கள் இல்லை, கோபுரத்துக்கு நிலம் கொடுத்தவர்களின் இழப்பீட்டுச் சண்டை இல்லை, சாம்பல் மேடு இல்லை, பேட்டரிக்கான உலோகத்தைத் தோண்டும் ஊர் இல்லை. ஆடியவர்களே இதைக் கண்டுபிடித்துச் சொன்னால் அவர்கள் விளையாட்டை நம்பவும் செய்கிறார்கள், கேள்வி கேட்கவும் செய்கிறார்கள் என்று அர்த்தம். நடத்துகிறவர் இந்த ஒரு மணி நேரத்தில் தன் கருத்தைச் சொல்லக் கூடாது. எனக்கும் கருத்து உண்டு, மாற்றம் சீக்கிரம் வர வேண்டும், தொழிலாளியையும் தோட்டக்காரரையும் விட்டுவிட்டு வரக் கூடாது என்பதே, ஆனால் அதை மேசையில் வைத்த உடனே மற்றவர்கள் எனக்குப் பிடித்த பதிலைத் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள்.

ஆறாம் படி: கண்ணாடியும் மலையும்

மேசை நன்றாக ஓடிய பிறகு வி.ஆர். கருவியைக் கொண்டுவாருங்கள். அட்டைப்பெட்டியில் செய்த, போனைச் செருகும் மாதிரியே போதும். கண் ஓடுவதாகச் சொல்ல, உள்காது நிற்பதாகச் சொல்ல, அந்த முரண்பாட்டில்தான் தலைசுற்றுகிறது, ஆகவே நாற்காலியில் உட்கார வைத்து, ஐந்து நிமிடத்துக்கு மேல் போகாமல், நகராத 360 பாகைப் படங்களாகக் காட்டுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். மலையேறிய பிறகு ஒரு மணி நேரமாவது விட்டுக் காட்டுங்கள். படத்தை நீங்களே எடுக்கலாம், ஒரு தறிப்பட்டறையின் உள்ளே, ஒரு காப்பிக் களம், சோலார் வைத்த ஒரு மொட்டைமாடி, மூன்று போதும். இடத்துக்காரரிடம் அனுமதி கேட்டு எடுங்கள். தறிக்காரர் அட்டை வாங்கப்போகிறவர் ஆட்டத்துக்கு முன்னால் அந்தப் பட்டறைக்குள் ஐந்து நிமிடம் இருந்துவிட்டு வந்தால் பேச்சே மாறுகிறது.

முடிந்தால் கருவியே இல்லாமல் இன்னொன்றும் செய்யுங்கள். வானம் தெளிவாக இருக்கும் நாளில் சாயங்காலம் ஐந்தரைக்கு ஏற்காடு லேடீஸ் சீட்டில் உட்காருங்கள். கீழே சேலம், தூரத்தில் மேட்டூர்ப் பக்கம். ஆறரைக்குள் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பிக்கும், கொஞ்ச நேரத்தில் சமவெளி முழுக்க. அந்திக் கட்டத்துக்கு ஏன் பத்துக் கொட்டை என்று அதற்குப் பிறகு யாரும் கேட்டதில்லை.

ஏழாம் படி: பெரிய விளையாட்டுகள்

இரண்டு மூன்று முறை நடத்திக் கை பழகிய பிறகு வெளியே போங்கள். என்-ரோட்ஸ் என்று ஒன்று, கிளைமேட் இன்டராக்டிவ் அமைப்பும் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்து ஸ்லோன் மேலாண்மைப் பள்ளியும் சேர்ந்து செய்தது, இலவசம், லேப்டாப்பும் புரொஜெக்டரும் இருந்தால் போதும். நிலக்கரிக்கு வரி, மின்வாகனம், காடு வளர்ப்பு என்று ஒவ்வொன்றையும் நகர்த்தினால் 2100-ல் பூமியின் சூடு எவ்வளவு ஏறும் என்று உடனே காட்டும். ஒன்றையும் தொடாவிட்டால் மூன்று டிகிரிக்கு மேல் நிற்கும். குழுவை நாடுகளாக, நிலக்கரி, எண்ணெய்க் கம்பெனிகளாக, விவசாயிகளாகப் பிரித்து ஒரு மாநாடு போல நடத்தலாம், நடத்தும் முறையையும் அவர்களே எழுதித் தருகிறார்கள். மரம் நடுவதை மட்டும் கடைசி வரை தள்ளிப் பாருங்கள், சூட்டின் அளவு எவ்வளவு கொஞ்சமாக நகர்கிறது என்று பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள், அந்த ஏமாற்றம் நல்லது. அட்டை விளையாட்டு பிடித்தவர்களுக்கு டேபிரேக், 2023-ல் வந்தது, மாட் லீகாக்கும் மட்டேயோ மெனாபாச்சேயும் செய்தது, எல்லோரும் ஒரே பக்கம் நின்று சூடேறுவதைத் தடுக்கப் பார்க்கும் ஆட்டம், ஜெர்மனியில் பரிசும் வாங்கியது. இந்தியாவுக்கான எண்களை வைத்துச் சொந்த அட்டை எழுத நினைப்பவர்கள் நிதி ஆயோக்கின் 2047 ஆற்றல் கணிப்பானைத் திறந்து பார்க்கலாம், கொஞ்சம் பொறுமை வேண்டும்.

எதற்குப் போனாலும் உள்ளூர் மேசையைக் கைவிடாதீர்கள், ஒவ்வொரு முறையும் முடிவில் ஆளுக்கு ஒரு வெற்று அட்டை கொடுத்து, இந்த விளையாட்டில் இல்லாத, உங்களுக்கு நடந்த ஒன்றை எழுதுங்கள் என்று சொல்லுங்கள். போன வருஷம் மலைக் கிராமத்திலிருந்து வந்த ஒரு ஒன்பதாம் வகுப்புப் பெண், மின்வாரியப் பொறியாளராக ஆடியவள், மூன்று மேசையும் மலையை முதலில் வெட்டியதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், இப்படி எழுதிக் கொடுத்தாள்: ‘மழையில் சில்வர் ஓக் மரம் கம்பி மேல் விழுந்துவிட்டது. மலைக் கிராமத்துக்கு இரண்டு நாள் கரண்டு இல்லை. கீழே யாருக்கும் தெரியாது. இந்த இரண்டு நாளும் மலைக் கிராமத்தை மறுபடி வெட்டக் கூடாது.’ அந்த அட்டை இப்போது என் பருவ அட்டைக் கட்டில் ஐப்பசிக்கு அடுத்து இருக்கிறது.